பழைய புத்தகம் மின்நூலாகும்போது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

மதுரை, டிடிபி வேலை:

மின்நூல் என்று பேச்செடுத்தாலே கிண்டிலா காகிதமா என்ற பட்டிமன்றத்துக்குப் போய்விடுகிறோம். அச்சகத்துப் பக்கம் இருப்பவனுக்குத் தலைவலி வேறு இடத்தில்.

தொண்ணூறுகளின் கடைசியில் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் வடிவமைத்த சில நூல்களை மின்நூலாக்கச் சொல்லி ஒரு பதிப்பாளர் சிடி கொடுத்தார். கோப்பு திறந்தது. தமிழ்தான் இல்லை, ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டிக் கிடந்தது. அந்தக் காலத்தில் ஆளாளுக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம், அதாவது எந்த எண் எந்த எழுத்து என்ற கணக்கு. மாற்றி மென்பொருளில் போட்டால் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடாகிவிடும் என்பார்கள். முக்கால்வாசி ஆகும். மீதிதான் உயிரை எடுக்கும். வரி அழகாக உட்கார வேண்டுமென்று கையால் போட்ட ஹைபன்கள் இப்போது வரி நடுவில் வந்து நிற்கும். ‘கௌரவம்’ எல்லாம் ‘கெளரவம்’ ஆகியிருக்கும், அதாவது கொம்பும் ககரமும் தனி ளகரமும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, தேடினால் மட்டும் சிக்காது. கடைசியில் ஒரு நூலை முழுசாக மறுபடி தட்டச்சே செய்தோம். அதுதான் சீக்கிரம் முடிந்தது.

சென்னை, சிறு பதிப்பகம்:

முன்பு ஒரு நூல் என்றால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அடிக்க வேண்டும். ஆஃப்செட்டில் ரொம்பக் குறைந்தால் கட்டுப்படியாகாது. விற்காததெல்லாம் கட்டிலுக்கு அடியில். இப்போது டிஜிட்டல் அச்சில் ஐம்பதோ நூறோ அடிக்கிறோம், தீர்ந்தால் மறுபடி. பிரதிக்கு அடக்கவிலை கூடுதல்தான், ஆனால் குடோன் வாடகை மிச்சம். எங்களால் கவிதை நூல் போட முடிவதே இதனால்தான்.

வயிற்றெரிச்சல், ஸ்கேன் செய்து சுற்றுக்கு விடும் திருட்டு பிடிஎஃப்தான். நந்தனம் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவந்த நாவல், காட்சி முடிந்த கொஞ்ச நாளில் என் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியவர் தூரத்து உறவு. ‘அருமையான நாவல், அவசியம் படிங்க மாப்ளே’ என்று கீழே ஒரு வரி வேறு. பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் யாரோ ஒருவரின் கட்டைவிரல். அது நாங்கள் போட்ட புத்தகம் என்று சொன்னேன். ‘அட, அப்படியா! அப்ப அடுத்தது வந்ததும் அனுப்புங்க’ என்றார்.

யாழ்ப்பாணம், வாசகர்:

ஸ்கேன் என்றால் நாங்கள் கொஞ்சம் வேறு மாதிரித்தான் பார்ப்போம். 1981இல் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. பிறகு இடப்பெயர்வுகளில் வீட்டு அலுமாரிகளும் போயின. ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்கும், 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டத்தின் தளத்தில், அம்மா படித்த பள்ளிக்கூடத்தின் மலர் ஒன்று கிடைத்தது. அதை எந்தப் பதிப்பகமும் மறுபடி போடாது. போட்டாலும் வாங்க ஆள் இல்லை. பூச்சி அரித்த மூலை, யாரோ பேனையால் கோடிட்ட பெயர் எல்லாம் அப்படியே இருக்கிறது. அம்மா வகுப்புப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தா. ஒரே குறை, உள்ளே இருப்பது எழுத்தல்ல, படம். ஒரு பெயரைத் தேட வேண்டுமென்றால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான்.

மதுரை, டிடிபி வேலை:

அதற்கு ஓசிஆர் இருக்கிறது, படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சு எழுத்தாக்கும் மென்பொருள். தெளிவான அச்சு என்றால் இப்போது தமிழை நன்றாகவே படிக்கிறது. தமிழக அரசின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா வடிவங்கள் வந்தால் தடுமாறும், கையால் திருத்த வேண்டும்.

தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலுக்குத் தொடங்கியது. முதலில் பழைய குறியாக்கத்தில் ஏற்றியதைத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றினார்கள். அதனால்தான் இன்றைக்கும் திறந்தவுடன் படிக்க முடிகிறது. பதிப்பகங்களில் அப்படி உட்கார யார் இருக்கிறார்கள்? சென்னை நண்பரே, உங்கள் பழைய சிடிகளில் எழுத்துருவும் சேர்த்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் மாற்றுவது பெரும்பாடு.

சென்னை, சிறு பதிப்பகம்:

சிடி எல்லாம் பத்திரமாக இருக்கிறது சார். போட்டுப் பார்க்கத்தான் ஆபீஸில் எந்தக் கணினியிலும் டிரைவ் இல்லை.