பழைய ராம் 2500: கியர்பாக்ஸ், ஆக்ஸில் ஆயில் எல்லாம் மாற்ற வேண்டும், எதை ஊற்றுவது?

டெக்சோமா_படகு:
வணக்கம். டல்லஸ் பக்கம் இருக்கிறேன். போன மாதம் 2010 ராம் 2500 பிக்கப் ஒன்று பழையதாக வாங்கினேன். 6.7 கம்மின்ஸ் டீசல், 68ஆர்எஃப்இ ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ், ஓடியது 1,28,000 மைல். இன்ஜின் ஆயில் மாற்றியதற்கெல்லாம் ரசீது இருக்கிறது, கியர்பாக்ஸிலிருந்து பின்னால் இருக்கும் எதற்கும் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. வாரக் கடைசியில் படகை இழுத்துக்கொண்டு டெக்சோமா ஏரிக்குப் போவோம், கோடையில் டிரெய்லரோடு கொலராடோ போகும் எண்ணமும் இருக்கிறது. இங்கே ஒரு கடையில், எல்லா வண்டிக்கும் பொதுவான ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஒன்று இருக்கிறது, மெஷின் போட்டு ஃப்ளஷ் செய்து அதை ஊற்றிவிடலாம், ஆக்ஸிலுக்கு 80டபிள்யூ-90 போதும் என்கிறார்கள். சரியா? நானே செய்வதானால் எங்கே தொடங்குவது?

பழைய_ஸ்பேனர்:
தம்பி, அந்தக் கடைக்கு விடாதீர்கள். என்னிடம் இதே கியர்பாக்ஸ் இருக்கிறது, மூன்று முறை நானே மாற்றியிருக்கிறேன். அதற்கு ஏடிஎஃப்+4 மட்டும்தான். டப்பாவில் எந்த பிராண்டு பெயர் இருந்தாலும் சரி, ஏடிஎஃப்+4 என்று உரிமம் பெற்றதா என்று மட்டும் பாருங்கள். முன், பின் ஆக்ஸில்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்கும் அதே ஏடிஎஃப்+4 தான். அங்கே கெட்டியான கியர் ஆயிலை ஊற்றிவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பெட்டியைப் பார்த்தால் பற்சக்கரம் என்று தோன்றி கை தானாக அந்த டப்பாவுக்குப் போய்விடுகிறது. முன், பின் ஆக்ஸில் இரண்டுக்கும் ஜிஎல்-5 தரத்தில் 75டபிள்யூ-90 சிந்தெட்டிக். லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் அமைப்பு) இருந்தாலும் இந்த ஆக்ஸிலுக்குத் தனியாக ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் என்ற உராய்வுச் சேர்மானம் தேவையில்லை, கம்பெனி கையேட்டிலேயே இருக்கிறது.

ஃப்ளஷ் வேண்டாம் என்பது என் கருத்து. 68ஆர்எஃப்இ-யில் அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பேனுக்குள்ளே இரண்டு ஃபில்டர்கள், உறிஞ்சும் இடத்தில் ஒன்று, கூலரிலிருந்து திரும்பும் வழியில் திருகிப் பொருத்துவது ஒன்று. பேனைக் கழற்றாமல் இவற்றை மாற்ற முடியாது. கம்பெனி பேனில் வடிகால் திருகும் கிடையாது, அதனால் சட்டை ஒன்று பாழாகும் என்று தயாராகவே படுங்கள். பழைய ஃபில்டரின் சீல் மேலே துளையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை எடுத்துவிட்டுப் புதியதை முழுவதும் உள்ளே அமுக்கிவிட்டுத்தான் ஃபில்டரை ஏற்ற வேண்டும். சீல் சரியாக உட்காராவிட்டால் பம்ப் காற்றை உறிஞ்சும், கியர்பாக்ஸ் கெட்டுப்போகும். பேனை இறக்கினாலும் பாதிக்குக் குறைவாகத்தான் வடியும், மீதி, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் கன்வெர்ட்டரில் நிற்கும். அதனால் சில ஆயிரம் மைல் கழித்து இன்னொரு முறை மாற்றுவேன்.

பேனில் உள்ள காந்தத்தைத் துடைக்கும் முன் நன்றாகப் பாருங்கள். கண்மை போல சாம்பல் நிறக் குழைவு இருந்தால் கவலை வேண்டாம், செதில் செதிலாக உலோகம் இருந்தால் அப்போதே நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும். ஏடிஎஃப்+4 நிறத்தையோ வாசனையையோ வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அந்தச் சிவப்பு எப்படியும் சீக்கிரம் மங்கிவிடும்.

அப்புறம், எந்தப் பெட்டியாக இருந்தாலும் ஊற்றும் மூடி கழல்கிறதா என்று முதலில் பாருங்கள், அதற்குப் பிறகுதான் வடிக்க வேண்டும். வடித்துவிட்டு மேல் மூடி துருப்பிடித்து இறுகிக் கிடந்தால் வண்டி அங்கேயே நிற்கும்.

வடக்குக்_காற்று:
நான் கால்கரியில் ஃபோர்டு எஃப்-250 வைத்திருக்கிறேன், பழைய ஸ்டெர்லிங் 10.5 ஆக்ஸில். ஸ்பேனர் அண்ணா சொன்னதை வைத்து யாரும் ஃபோர்டுக்கும் அப்படியே செய்துவிட வேண்டாம். என்னுடையதற்கு 75டபிள்யூ-140, லிமிடெட் ஸ்லிப் என்பதால் ஃப்ரிக்ஷன் மாடிஃபையரும் கட்டாயம். முதல் முறை அதை விட்டுவிட்டேன், வாகன நிறுத்துமிடத்தில் வளைக்கும்போதெல்லாம் பின்னால் கடகடவென்று அதிர்ந்தது.

80டபிள்யூ பற்றி ஒரு வார்த்தை. 75டபிள்யூ என்றால் -40 டிகிரி செல்சியஸ் வரை ஓரளவு ஓடும் தன்மை சோதிக்கப்பட்டது, 80டபிள்யூ என்றால் -26 வரைதான். டல்லஸில் அந்தக் குளிர் இல்லை, ஆனாலும் கையேடு சொல்வதை விட்டு வேறொன்றைப் போட ஒரு காரணம் வேண்டும் அல்லவா? இன்னொன்று, கியர் ஆயில் எண்ணும் இன்ஜின் ஆயில் எண்ணும் வேறு வேறு அளவுகோல். 90 என்பது இன்ஜின் ஆயிலில் ஏறக்குறைய 40 தடிமன்தான், பயந்து மெல்லியதைத் தேடாதீர்கள்.

டெக்சோமா_படகு:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று பின் ஆக்ஸில் மூடியைக் கழற்றினேன். பால் ஊற்றிய காபி மாதிரி வந்தது! படகு இறக்கும்போது சக்கரம் வரை தண்ணீரில் போகும், அதனாலா?

பழைய_ஸ்பேனர்:
அதேதான். நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான ஆக்ஸிலை நேராகக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கும், பிரீதர் (ஆக்ஸிலுக்குள் காற்று போய்வரும் குழாய்) வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இந்த ஆக்ஸிலில் சக்கர பேரிங்குகளும் அதே ஆயிலில்தான் ஓடுகின்றன, ஆகவே அந்தத் தண்ணீர் அங்கேயும் போயிருக்கும். உள்ளே துடைத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, அளவைத் திரும்பப் பாருங்கள், சக்கர பேரிங் இருக்கும் ஹப்புக்குப் போன அளவுக்குக் குறைந்திருக்கும். சில நூறு மைலில் அதையும் வடித்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்து கரகரவென்று சத்தம் வந்தால், பேரிங்கை மாற்றாமல் கொலராடோ கிளம்ப வேண்டாம். இனிமேல் படகை இறக்கும் முன் அரைமணி நேரம் வண்டியைக் கரையில் ஆறவிடுங்கள்.