விண்டோஸ் 98 மடிக்கணினியில் சீரியல் பிசி கார்டு: டிரைவர் ஏறியும் போர்ட் திறக்க மறுக்கிறது

பட்டறைப் பையன், பீன்யா:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு பீன்யாவில் அப்பா தொடங்கிய சிறிய மோல்டு பட்டறையை இரண்டு ஆண்டுகளாக நான் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் உள்ள விஎம்சி (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும்) இயந்திரம் தொண்ணூறுகளில் வாங்கப்பட்டது. அதன் கன்ட்ரோலில் (கட்டுப்பாட்டுக் கணினியில்) உள்ள நினைவகம் 80 மீட்டர் துளைக் காகித டேப் அளவு, அதாவது ஏறத்தாழ 32 கிலோபைட் மட்டுமே என்பதால், பெரிய புரோகிராம்களை ஒரு மடிக்கணினியிலிருந்து சீரியல் கேபிள் வழியாகச் சிறிது சிறிதாக ஊட்டித்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. இதற்கென்றே விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு உள்ள பென்டியம் 3 மடிக்கணினி ஒன்றை அப்பா பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார். அதில் உள்ள அனுப்பும் மென்பொருள் டாஸ் காலத்தது. காம் 1, காம் 2 இரண்டைத் தவிர வேறு எந்தப் போர்ட்டையும் அது அறியாது.

சென்ற மாதம் அந்த மடிக்கணினியின் சொந்தச் சீரியல் போர்ட் எரிந்துபோயிற்று. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்கிச் செருகியதுதான் காரணம் என்கிறார் அப்பா. சார்ஜரில் எர்த் பின் இல்லாததுதான் காரணம் என்பது என் எண்ணம். எப்படியிருந்தாலும் போனது போனதுதான். யுஎஸ்பி கன்வெர்ட்டரைக் கடன் வாங்கிப் பார்த்தேன். அந்தப் பழைய மென்பொருளின் கண்ணுக்கு அது தென்படவே இல்லை. பிறகு எஸ்.பி. ரோட்டில் நான்கு கடை ஏறி இறங்கி, மடிக்கணினியின் பக்கவாட்டு ஸ்லாட்டில் செருகும் சீரியல் பிசி கார்டு ஒன்றை, பெட்டியோ காகிதமோ இல்லாமல், அதன் குட்டிக் கேபிளோடும் ஒரு பிளாப்பியோடும் வாங்கிவந்தேன்.

கார்டைச் செருகியதும் வழக்கமான ஒலி கேட்கிறது. டிவைஸ் மேனேஜரில் போர்ட்டுகளின் கீழ் கார்டின் பெயரும் வருகிறது, ஆனால் பக்கத்திலேயே மஞ்சள் ஆச்சரியக்குறி நிற்கிறது. பிளாப்பியில் இருந்த டிரைவரை மூன்று முறை நீக்கி நீக்கி ஏற்றிவிட்டேன். இணையத்தில் கிடைத்த வேறு இரண்டு டிரைவர்களையும் முயன்றேன். மற்றொரு ஸ்லாட்டில் போட்டும் பார்த்தேன். கார்டு பழுதாக இருக்கலாம், மாற்றித் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். மாற்றுவதற்கு முன் நான் சரிபார்க்க வேண்டியது ஏதேனும் உண்டா?

68 முனை:

வணக்கம் தம்பி. கார்டை மாற்ற வேண்டாம், டிரைவரை நான்காவது முறை ஏற்றவும் வேண்டாம். முதலில் சில விவரங்கள் தேவை. கார்டின் 68 துளைகள் உள்ள முனைக்கு அருகில், சிறு புடைப்புகளோடு பொன்னிறத் தகடு ஒன்று ஓடுகிறதா? ஆச்சரியக்குறி நிற்கும் வரியைத் திறந்தால் எந்தக் கோடு எண் காட்டப்படுகிறது? டிவைஸ் மேனேஜரின் உச்சியில் இருக்கும் கம்ப்யூட்டர் என்ற சொல்லை இருமுறை சொடுக்கினால் ஐஆர்க்யூ பட்டியல், அதாவது ஒவ்வொரு சாதனமும் பிராசஸரைக் கூப்பிடும் எண்களின் பட்டியல், விரியும். அதை அப்படியே எழுதி அனுப்புங்கள். சிஸ்டம் ஜன்னலின் பெர்ஃபார்மென்ஸ் பக்கத்தில் பிசி கார்டு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

பட்டறைப் பையன், பீன்யா:

நன்றி அண்ணா. பொன்னிறத் தகடு இல்லை. கோடு 12 என்று காட்டுகிறது. பெர்ஃபார்மென்ஸ் பக்கத்தில் பிசி கார்டு 32-பிட் என்று இருக்கிறது. ஐஆர்க்யூ பட்டியல்: 0 டைமர், 1 கீபோர்டு, 2 கன்ட்ரோலர், 3 இன்ஃப்ராரெட், 4 காம் 1, 5 சவுண்ட், 6 பிளாப்பி, 7 பிரின்டர் போர்ட், 8 கடிகாரம், 9 ஏசிபிஐ, 10 மோடம், 11 யுஎஸ்பியும் டிஸ்பிளேயும் கார்டுபஸ் கன்ட்ரோலரும், 12 டச்பேட், 13 கணிதச் சில்லு, 14, 15 ஹார்ட் டிஸ்க்கும் சிடியும்.

68 முனை:

நீங்கள் அனுப்பிய பட்டியலிலேயே விடை இருக்கிறது. 0 முதல் 15 வரை பதினாறு இருக்கைகள். பதினாறிலும் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உயிரோடு இல்லை. எரிந்துபோன சீரியல் போர்ட் 4-ஆம் இருக்கையில் துண்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டது. துண்டு கிடக்கும்வரை விண்டோஸ் அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காது.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் குழப்பம் பலருக்கும் வருகிறது. கோடு 28 என்று வந்திருந்தால் டிரைவர் ஏறவில்லை என்று பொருள். அப்போது டிரைவரைத் தேடி அலைவதில் நியாயம் இருக்கிறது. கோடு 12 அப்படியல்ல. கார்டை ஸ்லாட் கண்டுகொண்டது, கார்டு தன் விவரங்களைச் சரியாகச் சொன்னது, அதற்குரிய டிரைவரும் கிடைத்தது, ஆனால் அது வேலை செய்யத் தேவையான ஐஆர்க்யூவோ, பிராசஸர் அதோடு பேசும் முகவரியோ மிச்சமில்லை என்பதுதான் அதன் பொருள். ஆகவே உங்கள் கார்டு பழுதில்லை என்பதற்கு அந்த மஞ்சள் குறியே நல்ல சாட்சி.

பொன்னிறத் தகடு பற்றி நான் கேட்டதற்கும் காரணம் உண்டு. தகடு உள்ளவை 1995-இல் தரப்படுத்தப்பட்ட கார்டுபஸ் வகை. அவை பிசிஐ பஸ்ஸின் (கணினிக்குள் கார்டுகளை இணைக்கும் பாதையின்) மறுவடிவம் என்பதால் ஒரே ஐஆர்க்யூவை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளும். உங்கள் பட்டியலில் 11-ஆம் எண்ணில் மூன்று பேர் சண்டையில்லாமல் இருப்பதைப் பாருங்கள். தகடு இல்லாதவை பழைய 16-பிட் வகை. அவை அதற்கு முந்தைய ஐஎஸ்ஏ பஸ்ஸின் குணத்தைக் கொண்டவை, விண்டோஸ் 98-இல் தனி இருக்கை கேட்பவை. உங்களுடையது இந்த இரண்டாம் வகை. சொல்லப்போனால் உங்கள் வேலைக்கு இதுதான் ஏற்றது, ஏனென்றால் டாஸ் மென்பொருள் எதிர்பார்க்கும் அதே பழைய முகவரியில் போய் உட்கார இதனால்தான் முடியும்.

அந்த முகவரிகள் நிலையானவை: காம் 1 என்றால் 3எஃப்8, ஐஆர்க்யூ 4, காம் 2 என்றால் 2எஃப்8, ஐஆர்க்யூ 3. உங்கள் மடிக்கணினியில் முதலாவதை எரிந்த போர்ட்டும் இரண்டாவதை இன்ஃப்ராரெட்டும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இன்ஃப்ராரெட்டைப் பட்டறையில் யாரும் பயன்படுத்தப்போவதில்லை என்பதால் இரண்டையும் அணைத்துவிடலாம். ஆனால் டிவைஸ் மேனேஜரில் மட்டும் அணைத்தால் போதாது. பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) அந்த போர்ட்டை இயக்கி வைத்திருக்கும்வரை, விண்டோஸ் அதை ஒதுக்கிவைத்தாலும் இடம் காலியாகாமல் போகலாம். கணினியை இயக்கும்போதே பயாஸுக்குள் நுழைந்து, சீரியல் போர்ட், இன்ஃப்ராரெட் ஆகிய இரண்டையும் டிஸேபிள் என்று மாற்றிச் சேமித்துவிட்டு வெளியே வாருங்கள். அங்கேயே பிசி கார்டு கன்ட்ரோலரின் நிலையைத் தேர்ந்தெடுக்கும் வரி சில மடிக்கணினிகளில் இருக்கும்; அது தானியங்கி நிலையில் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். பிசிஐசி என்ற பழைய நிலைக்கு மாற்றினால் பின்னாளில் கார்டுபஸ் வகைக் கார்டு எதையும் அந்த மடிக்கணினி ஏற்காது.

அதன் பிறகு டிவைஸ் மேனேஜரில் பழைய காம் 1 இன்னும் தெரிந்தால் அதை ரிமூவ் செய்யுங்கள். கார்டின் ரிசோர்சஸ் பக்கத்தில் தானியங்கி அமைப்புக்கான குறியை எடுத்துவிட்டு, அடிப்படை அமைப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினால், ஒன்றில் 3எஃப்8 என்ற முகவரி வரும். அதைத் தேர்ந்தெடுத்து ஐஆர்க்யூவை 4 என்று வையுங்கள். முரண்பாடு எதுவும் இல்லை என்று கீழே வந்தால் கார்டு காம் 1 ஆகிவிட்டது.

இயந்திரத்தில் மாட்டுவதற்கு முன், கார்டின் 9 முனைக் கேபிளில் 2, 3 ஆகிய இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துவிட்டு, ஹைப்பர்டெர்மினலில் ஃப்ளோ கன்ட்ரோல் எதுவும் இல்லாமல் அந்தப் போர்ட்டைத் திறந்து ஏதாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் திரும்பி வந்தால் போர்ட் பிழைத்துக்கொண்டது என்று பொருள். இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்யாமல் இயந்திரத்துக்கு அருகில் போய் நின்றுகொண்டு, கோளாறு கேபிளிலா கன்ட்ரோலிலா என்று நாள் முழுவதும் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். (அவர்களில் நானும் ஒருவன்.)

ஒரு விஷயம் மறந்துவிட்டது. மென்பொருளை விண்டோஸுக்குள் ஒரு டாஸ் ஜன்னலில் ஓட்டுங்கள். கணினியை முழு டாஸ் நிலைக்குக் கொண்டுபோனால் கார்டை இயக்கும் விண்டோஸ் டிரைவர்கள் அங்கே இருக்காது, போர்ட் மறைந்துவிடும். அந்த நிலையில் வேண்டுமானால் கார்டு சர்வீசஸ், சாக்கெட் சர்வீசஸ் என்னும் பழைய டாஸ் டிரைவர்களை கான்ஃபிக் கோப்பில் ஏற்ற வேண்டும். அவற்றையும் விண்டோஸின் 32-பிட் டிரைவர்களையும் ஒன்றாக வைத்தால் வேறு தலைவலி தொடங்கும்.

கமாண்ட் லைன், அல்சூர்:

மேலே உள்ளவர் சொன்னதோடு உடன்படுகிறேன், ஒரு விஷயத்தைத் தவிர. மஞ்சள் குறி நல்ல சாட்சி என்பது பெரும்பாலும் சரி. ஆனாலும் பெட்டியில்லாத கார்டை வாங்கும்போது நான் விண்டோஸின் சொல்லை மட்டும் நம்புவதில்லை. பழைய லினக்ஸ் லைவ் சிடி ஒன்றில் மடிக்கணினியைத் தொடங்கி, பிசிகார்டு கன்ட்ரோல் கட்டளைக்கு ஐடென்ட் என்று கொடுத்தால், கார்டு தன்னைப் பற்றிச் சொல்லும் பெயரும் தயாரிப்பு எண்ணும் நேரடியாகத் திரையில் வரும். சீரியல் கார்டு என்றால் சீரியல் சிஎஸ் என்ற டிரைவர் மாட்யூல் தானாகவே ஏறும். தனி டிரைவர் பிளாப்பி எதுவும் வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலேயே ஐந்து நிமிடத்தில் கார்டின் ஜாதகம் கையில் இருக்கும்.

லினக்ஸில் இருக்கைப் பஞ்சமும் குறைவு. யென்டா சாக்கெட் என்னும் மாட்யூல், தனி ஐஆர்க்யூ கிடைக்காத 16-பிட் கார்டுக்கு கார்டுபஸ் கன்ட்ரோலரின் பிசிஐ ஐஆர்க்யூவையே கொடுத்துச் சமாளித்துவிடும். ஆனால் சோதனைக்குப் புதிய லினக்ஸைத் தேடாதீர்கள். டெபியன் 12 வரை 32-பிட் கணினிக்கான நிறுவல் வட்டு இருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் அது கைவிடப்பட்டது. பென்டியம் 3-க்கு 2005-2010 காலத்து லைவ் சிடியே தாராளம். அந்தக் காலத்திலும் மிகப் பழையதை எடுத்தால் பிசிகார்டு கன்ட்ரோல் இருக்காது, கெர்னல் 2.6.13-க்கு முன் அந்த வேலையைக் கார்டு கன்ட்ரோல் என்ற வேறொரு கட்டளை பார்த்துவந்தது.

யுஎஸ்பி கன்வெர்ட்டரை விட்டுவிட்டது நல்ல முடிவு. எக்ஸ்-ஆன், எக்ஸ்-ஆஃப் (அனுப்பு, நிறுத்து என்று தரவுக் கம்பி வழியாகவே சைகை காட்டும்) முறையில், போதும் நிறுத்து என்று கன்ட்ரோல் சொன்ன பிறகும் கன்வெர்ட்டர் தன் வயிற்றில் சேர்த்துவைத்ததைக் கொட்டிக்கொண்டே இருக்கும். கன்ட்ரோலின் பஃபர், அதாவது தற்காலிக நினைவகம், நிரம்பி வழிந்து, வெட்டு நடுவில் அலாரம் வரும்.

பட்டறைப் பையன், பீன்யா:

இருவருக்கும் மிக்க நன்றி. கமாண்ட் லைன் அண்ணா சொன்னபடி முதலில் லைவ் சிடியில் பார்த்தேன். கார்டின் பெயர் சரியாக வந்தது. அதன் பிறகு பயாஸில் சீரியல் போர்ட்டையும் இன்ஃப்ராரெட்டையும் அணைத்தேன். விண்டோஸில் நுழைந்ததும் மஞ்சள் குறி தானாகவே போய்விட்டது, ஆனால் கார்டு 2இ8 என்ற முகவரியில், காம் 4 என்று போய் உட்கார்ந்திருந்தது. பட்டியலில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய காம் 1-ஐ நீக்கி, அமைப்புகளைப் புரட்டி, மூன்றாவதில் 3எஃப்8-ஐப் பிடித்தேன்.

ஹைப்பர்டெர்மினல் சோதனையில் தட்டிய எழுத்துகள் திரும்பி வந்தன. இயந்திரத்தில் 4800 பாட், 7 பிட், ஈவன் பாரிட்டி, 2 ஸ்டாப் பிட் என்று வைத்து 30 கிலோபைட் புரோகிராம் ஒன்றை அனுப்பிப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனது, அலாரம் எதுவும் இல்லை. அப்பா வந்து பார்த்துவிட்டு, இதற்கா ஒரு மாதம் ஆயிற்று என்று கேட்டார்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். இரவு ஷிஃப்டில் ஐந்து மணி நேரம் தொடர்ந்து ஊட்ட வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்கு முன் வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

68 முனை:

மகிழ்ச்சி. பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் ஸ்டாண்ட்பை, ஹார்ட் டிஸ்க் அணைப்பு இரண்டையும் நெவர் என்று வையுங்கள். மூடியைச் சாத்தினால் என்ன செய்ய வேண்டும் என்ற வரியையும் பாருங்கள். கணினி உறங்கினால் ஸ்லாட்டுக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும், கார்டு கழற்றப்பட்டதாகவே மென்பொருள் நினைத்துக்கொள்ளும், கட்டர் பாதி வெட்டில் நிற்கும். இரவில் ஆபரேட்டர் தூசி விழாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு மூடியைச் சாத்துவார். திரையின் ஓரத்தில் ஒரு காகிதம் ஒட்டிவையுங்கள்.

கேபிளை மாட்டுவதும் கழற்றுவதும் இரண்டு பக்கமும் மின்சாரம் நின்ற பிறகுதான். மடிக்கணினிக்கு எர்த் உள்ள சார்ஜரும், இயந்திரத்தின் எர்த்தோடு இணைந்த பிளக்கும் அமைத்துவிட்டுத்தான் அந்த ஐந்து மணி நேர வேலையைத் தொடங்குங்கள். கார்டின் குட்டிக் கேபிளை இழுபடாமல் மேசையோடு கட்டிவையுங்கள். அதன் மெல்லிய முனை ஒடிந்தால் கார்டு நன்றாக இருந்தும் பயனில்லை, அந்தக் கேபிள் தனியாகக் கிடைப்பது கார்டு கிடைப்பதைவிட அரிது. அடுத்த முறை எஸ்.பி. ரோட்டுக்குப் போகும்போது, அதே கடையில் இதே கார்டு இன்னொன்று கேபிளோடு கிடந்தால் எடுத்துவந்துவிடுங்கள்.