‘ஓப்பன் ஆக்சஸ்’: ஒரு சொல் போதாது, மூன்று வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

ஆய்வுக்கட்டுரைகளை இணையத்தில் எவரும் தடையின்றிப் பெறுமாறு திறந்து வைப்பதைக் குறிக்கும் ‘ஓப்பன் ஆக்சஸ்’ என்பதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இவ்விழையில் இதுவரை திறந்த அணுகல், திறந்த அணுக்கம், இலவச அணுகல், கட்டற்ற அணுக்கம் ஆகிய சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைக் கைவிடலாம் என்னும் கருத்து எனக்கு உடன்பாடில்லை. இவை ஒரே பொருளுக்குப் போட்டியிடும் சொற்கள் அல்ல. ஆய்வுக்கட்டுரையைத் தேடிச் செல்பவர் பிரித்தறிய வேண்டிய வெவ்வேறு நிலைகளுக்கு இவற்றைப் பங்கிட்டுக் கொள்ளலாம் என்பதே என் முன்மொழிவு.

2002 பிப்ரவரியில் ‘ஓப்பன் ஆக்சஸ்’ பற்றி வெளியான புடாபெஸ்ட் அறிக்கை, ஒரு கட்டுரையை எவரும் படிக்கவும், தரவிறக்கவும், படியெடுக்கவும், பிறருக்கு வழங்கவும், அச்சிடவும், அதனுள் தேடவும், மென்பொருளுக்குத் தரவாக ஊட்டவும் பொருளாதார, சட்ட, தொழில்நுட்பத் தடை எதுவும் இருக்கக் கூடாது என்று வரையறுக்கிறது. ஆசிரியருக்கு அது விட்டுவைப்பது இரண்டே உரிமைகள்: தம் படைப்பு சிதைக்கப்படாமல் இருப்பதும், தம் பெயர் முறையாகச் சுட்டப்படுவதும். இவ்வரையறையைக் கூர்ந்து நோக்கினால், பணம் கேட்காமல் படிக்கக் கொடுப்பது அதில் ஒரு கூறு மட்டுமே என்பது புலப்படும். ஆகவே முழுக் கருத்துக்கும் ‘இலவச அணுகல்’ என்று பெயர் வைத்தால், மீளப் பயன்படுத்தும் உரிமை அப்பெயரிலிருந்தே விடுபட்டுப் போகிறது.

இந்தக் குழப்பம் தமிழில் மட்டும் எழுந்ததன்று. அதே ஆங்கிலச் சொல்லை ஒருவர் விலையின்மைக்கும் மற்றொருவர் உரிமைக்கும் கையாண்டு வந்ததால், 2008இல் இவ்வியக்கத்தின் முன்னோடிகளான பீட்டர் சூபரும் ஸ்டீவன் ஹார்னாடும் ‘கிராட்டிஸ்’, ‘லிப்ரே’ என்னும் இரு அடைகளைப் புகுத்தினர். விலைத்தடை மட்டும் நீங்கியது முன்னது. அதனுடன் பயன்பாட்டு உரிமைத் தடைகளுள் சிலவேனும் நீங்கியது பின்னது. நம்மிடம் இதற்கான சொற்கள் ஏற்கெனவே உள்ளன. ‘கட்டற்ற மென்பொருள்’, ‘கட்டற்ற கலைக்களஞ்சியம்’ என்று எழுதிப் பழகிய நமக்குக் ‘கட்டற்ற’ என்றாலே உரிமம் சார்ந்த விடுதலை என்ற பொருள் உடனே தோன்றுகிறது. எனவே லிப்ரேவுக்குக் கட்டற்ற அணுக்கம், கிராட்டிஸுக்குக் கட்டணமில்லா அணுக்கம், இரண்டையும் தழுவும் பொதுச்சொல்லாகத் திறந்த அணுக்கம் என வகுத்துக் கொள்ளலாம். கட்டற்ற, கட்டணமில்லா என்னும் இரண்டும் காதுக்கு நெருக்கமாக ஒலிக்கின்றன என்ற மறுப்பு எழக்கூடும். எழுத்தில் அவை மயங்கா என்றே கருதுகிறேன்.

‘அணுகல்’ என்பதை விட்டு ‘அணுக்கம்’ என்பதைக் கொள்வதற்கும் காரணம் உண்டு. அணுகல் என்பது அணுகும் செயலைக் குறிக்கிறது. இங்கே நாம் பெயரிட விரும்புவதோ ஒரு கட்டுரை எப்போதும் எவருக்கும் எட்டும் தொலைவில் இருக்கும் நிலையை. அணுக்கத் தொண்டர் என்னும் பழைய வழக்கில் ‘அண்மையில் இருத்தல்’ என்ற பொருள் வலுவாக நிற்கிறது. அது இக்கருத்துக்கு இயல்பாகவே பொருந்துகிறது.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாய்வு அன்று. பதிப்பாளரின் தளத்தில் ஒரு கட்டுரை பணம் கேட்காமல் திறக்கிறது, ஆனால் பக்கத்தின் அடியில் ‘அனைத்து உரிமைகளும் காக்கப்பட்டவை’ என்றே இருக்கிறது, மீள்பயன்பாட்டுக்கு முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் எதுவும் காணப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதை இன்று படிக்கலாம். ஆனால் பதிப்பாளர் விரும்பும் நாளில் அதை மீண்டும் மூடிவிடலாம், அதிலுள்ள வரைபடத்தை நம் பாடநூலில் எடுத்தாளவும் தனி அனுமதி வேண்டும். இதைக் ‘கட்டற்றது’ என்று மொழிபெயர்ப்பவர் வாசகரைச் சட்டச் சிக்கலில் தள்ளுகிறார். கலைச்சொல்லில் நேரும் பிழை இவ்வளவு தூரம் போகும் என்பதனால்தான் இதை வலியுறுத்துகிறேன்.

இனி, இவ்விழையில் எவரும் தொடாத ஒன்று. திறந்த அணுக்கக் கட்டுரையைத் தேடுபவர் கண்டெடுப்பது எப்போதும் ஆய்விதழில் வந்த வடிவமாகவே இருப்பதில்லை. தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடும்போதோ, கட்டுரையின் கட்டணமில்லாப் படியைத் தேடித்தரும் அன்பேவால் (Unpaywall) என்னும் உலாவி நீட்சி காட்டும் பச்சைப் பூட்டைச் சொடுக்கும்போதோ அவர் போய்ச் சேருவது ஆய்வுகளைச் சேமித்து வைக்கும் ஒரு பல்கலைக்கழக இணையக் களஞ்சியமாக இருக்கலாம். அங்கே கிடைக்கும் கோப்பின் முகப்புத் தாளில் ‘ஏற்கப்பட்ட கையெழுத்துப்படி’ என்னும் குறிப்பு இருக்கும். பக்க எண் ஒன்றில் தொடங்கும். அட்டவணைகள் கட்டுரையின் இறுதியில் தொகுக்கப்பட்டிருக்கலாம். மெய்ப்புத் திருத்தத்தின்போது மாற்றிய எண் ஏதேனும் இருந்தால் அம்மாற்றம் இதில் இராது. பக்க எண் காட்டி மேற்கோள் தருபவர், எந்த வடிவத்தைப் படித்தார் என்று சொல்லாவிட்டால், சரிபார்க்க வருபவர் வழி தவறுவார்.

மதிப்பாய்வுக்கு முந்தைய, பிந்தைய வடிவங்களுக்கு முறையே ‘முன்னச்சு’ (ப்ரீபிரிண்ட்), ‘பின்னச்சு’ (போஸ்ட்பிரிண்ட்) என்று சிலர் எழுதுகின்றனர். அச்சே காணாமல் இணையத்தில் மட்டும் வெளியாகும் ஆய்விதழ்கள் பெருகிவிட்ட நிலையில் அச்சை அளவுகோலாக்குவது பொருந்தவில்லை. ‘பின்னச்சு’ என்பதோ அச்சான பின் வந்தது என்ற தவறான எண்ணத்தையும் தருகிறது. ‘படி’ என்னும் சொல்லை அடியாகக் கொண்டு முன்படி, ஏற்புப்படி, பதிப்புப்படி என அமைக்கலாம். துறையறிஞர் மதிப்பாய்வுக்கு முன் ஆசிரியர் வெளியிடுவது முன்படி. 1991இல் இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் தொடங்கி, பின்னர் ஆர்க்கைவ் (arXiv) என்று பெயர் பெற்ற களஞ்சியம் இத்தகையவற்றால் வளர்ந்தது. மதிப்பாய்வில் தேறி, பதிப்பாளரின் பக்க அமைப்புக்கு முன் நிற்பது ஏற்புப்படி. ஆய்விதழ் தன் பொறுப்பில் வெளியிட்டு நிலைநிறுத்துவது பதிப்புப்படி.

திறந்த அணுக்கத்தின் ‘கிரீன்’, ‘கோல்ட்’ என்னும் வகைகளைப் பச்சை, தங்கம் என்று அப்படியே எழுதினால், அறியாதவருக்கு அவை தர வரிசையாகத் தோன்றும். ஆசிரியரே களஞ்சியத்தில் சேர்ப்பதைத் தன்சேர்ப்பு வழி என்றும், ஆய்விதழே திறந்து வெளியிடுவதை இதழ்வழி என்றும் கூறினால் போதும். இதழ்வழி என்றாலே ஆசிரியர் கட்டணம் செலுத்தியாக வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது, அது சரியன்று. திறந்த அணுக்க இதழ்களைத் தொகுத்துத் தரும், 2003இல் தொடங்கிய டோஜ் (DOAJ) பட்டியலில் இன்றுள்ள இதழ்களுள் பெரும்பான்மையானவை ஆசிரியரிடம் கட்டணம் பெறுவதில்லை. ஆகவே இச்சொல்லின் விளக்கத்தில் ‘ஆசிரியர் செலுத்தும்’ என்னும் தொடரைச் சேர்க்க வேண்டா என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏற்புப்படியைக் களஞ்சியத்தில் வெளியிடப் பதிப்பாளர் விதிக்கும் காத்திருப்புக்குத் ‘தடைக்காலம்’ என்பதையே நான் பயன்படுத்தி வருகிறேன். ‘பதிப்புப்படி’ என்பது ‘எடிஷன்’ என்னும் பொருளிலுள்ள பதிப்போடு மயங்குமா என்பதில் மட்டும் எனக்கு ஐயம் உள்ளது. நூலகத் துறையினர் அது பற்றித் தம் கருத்தைத் தெரிவித்தால் பட்டியலை முடிவு செய்துவிடலாம்.

அன்புடன்.