அப்டேட்: ஊதுபத்தி கொளுத்தி வேலை பாக்குற மேட்டர்

போன மாசம் கேட்டிருந்தேன்ல, வீட்ல இருந்து வேலை பாக்குறப்ப கவனம் நிக்கவே மாட்டேங்குது, ஊதுபத்தி ஏத்துனா உதவுமான்னு. மூணு வாரம் ட்ரை பண்ணிட்டேன்.

வாசனையால மூளை ஷார்ப் ஆகுதான்னா எனக்கு அப்படி ஒண்ணும் தெரியல, ஆனா ஒரு பத்தி முக்கால் மணி நேரம் எரியுது, அது அணையுற வரைக்கும் செல்ஃபோனத் தொடக்கூடாதுன்னு வச்சுக்கிட்டேன், அதுதான் வேலை செய்யுது. ஜப்பான் ஜென் மடங்கள்லயும் தியான நேரத்த பத்திய வச்சுதான் அளப்பாங்களாம், ஒரு பத்தி எரியுற நேரம் ஒரு அமர்வு, சுமார் 40 நிமிஷம். நம்ம ஐடியா புதுசில்ல போல!

கம்ப்யூட்டர் சாம்பிராணி சொன்னவங்களுக்கு, சாமி அதெல்லாம் ஏசி ரூமுக்கு ஆகாது. ஜன்னல சாத்திட்டு ஏத்துனேன், கண்ணு எரிஞ்சு ஒரே இருமல். பத்திப் புகையிலயும் சிகரெட் புகை மாதிரி நுண்துகள் இருக்கு, அதனால இப்ப ஜன்னல் திறந்து ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் மல்லிகை வேணாம் தலைவலி, சந்தனம் ஓகே.

எங்கம்மா மட்டும் பையனுக்கு பக்தி வந்துருச்சுன்னு சந்தோஷமா இருக்காங்க, நான் ஒண்ணும் சொல்லிக்கல.