மஞ்சள் கடலில் தேய்ந்த ஒலி: உள்ளலைகள் குறித்து ஒரு கேள்வி

நெய்தல் கேட்டது:
வணக்கம். நான் இயற்பியல் முதுகலை மாணவி. சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள மஞ்சள் கடலில், கோடைக்கால ஒலிச்சோதனைகளின்போது 600 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி சில வேளைகளில் 20 டெசிபெலுக்கு மேல் குறைந்தது என்றும், கடலுக்குள் வெப்பமான மேல்நீரும் குளிர்ந்த அடிநீரும் சந்திக்கும் எல்லையில் எழும் உள்ளலைகளே அதற்குக் காரணமாகலாம் என்று சௌ, சாங், ராஜர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1991-இல் விளக்கினர் என்றும் படித்தேன். மேல்நீரும் அடிநீரும் வெப்பத்தில் 10 டிகிரி வேறுபட்டாலும், நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும் ஒலியின் வேகம் 30, 40 மீட்டர்தான் மாறும். இச்சிறு மாற்றம் ஒலிச்செறிவை நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறக்குவது எப்படி? அக்குறைவைக் கொண்டே அலையைக் கணிக்கலாமா?

ஆழி:
மாற்றம் சிறியதுதான், ஆனால் அது ஏறக்குறைய சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆழம் குறைந்த கடலில் ஒலி பல அதிர்வுப் பாங்குகளாக, அதாவது மேற்பரப்புக்கும் தரைக்கும் நடுவே ஆழவாக்கில் அமையும் வெவ்வேறு அதிர்வு வடிவங்களாக, பிரிந்து செல்கிறது. அவற்றின் வேகங்கள் சற்றே வேறுபடுவதால், இரு பாங்குகள் குறிப்பிட்ட தொலைவுக்கு ஒருமுறை ஒத்த நிலைக்கு வருகின்றன. கூட்டமாக வரும் உள்ளலைகளின் இடைவெளி அத்தொலைவோடு பொருந்திவிட்டால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல, ஒவ்வோர் அலையும் ஆற்றலை எளிய வடிவமுள்ள தாழ்ந்த பாங்கிலிருந்து மடிப்பு மிகுந்த உயர்ந்த பாங்குக்குத் தள்ளுகிறது. உயர்ந்த பாங்குகள் கடல்தரையோடு அதிகம் உறவாடுவதால், அங்கேயே விரைவில் உறிஞ்சப்படுகின்றன. பொருந்தும் தொலைவு அதிர்வெண்ணுக்கேற்ப மாறுவதால்தான் பாதிப்பு ஒரு குறுகிய பட்டையில் மட்டும் தெரிந்தது.

கலம்:
இவ்விளக்கம், உள்ளலைகளின் முகடுகளை ஒலி குறுக்கே கடக்கும்போது பொருந்தும். முகடுகளுக்கு இணையாகச் சென்றால் நிலைமை வேறு: உள்ளலை வெப்பமான மேல்நீரைக் கீழே அழுத்துமிடத்தில் ஒலிவேகம் கூடும், ஒலியோ வேகம் குறைந்த பக்கம் வளையும், ஆகவே இரண்டு அலைகளுக்கு நடுவே, வாய்க்கால் நீர்போல, அது அடைபட்டு ஓடும். அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்கு அப்பாலுள்ள கண்டத்திட்டில் (கரையை ஒட்டிய, ஆழம் குறைந்த கடல்பகுதியில்) 1995-இல் நடந்த ஸ்வார்ம் சோதனையின் பதிவுகளில் இவ்விளைவைக் கண்டனர். 2006-இல் அதே கடற்பகுதியில் இன்னும் விரிவாக அளந்தனர்.

ஒற்றை ஒலிவாங்கியின் செறிவுக் குறைவை வைத்து அலையைக் கணிப்பதை நான் ஏற்கமாட்டேன். காற்றுப்பை உள்ள மீன்களின் கூட்டமும் ஒலியைக் குறைக்கும். மேலிருந்து கீழ்வரை ஒலிவாங்கிகளைத் தொடராகத் தொங்கவிட்டுப் பாங்குகளைப் பிரித்தறிய வேண்டும். ஒலி செல்லும் வழியில் வெப்ப உணரிகளின் தொடர் ஒன்றாவது நிற்க வேண்டும். குறைவு 12 மணி 25 நிமிட ஓதச் சுழற்சியோடு ஒட்டி வருகிறதா என்பதையும் பாருங்கள். கண்டத்திட்டின் விளிம்பில் இவ்வலைகளை எழுப்புவது பெரும்பாலும் ஓதமே.

நெய்தல்:
மிக்க நன்றி. கப்பலில் இருந்தபடியே அலையை ஒலியால் காண இயலுமா?

ஆழி:
இயலும். அதற்கு, ஒலியை அனுப்பி அதன் எதிரொலியைக் கொண்டு நீருக்குள் இருப்பதைத் திரையில் காட்டும் உயர் அதிர்வெண் எதிரொலிமானி வேண்டும். 200 கிலோஹெர்ட்ஸ் கருவியே போதும். வெப்பநிலை சட்டென மாறும் அடுக்கில் தங்கும் மிதவை உயிரிகள் திரையில் ஒரு கோடாகத் தெரியும். கடற்பரப்பில் சிற்றலைகள் நெருங்கிய பட்டையொன்று கப்பலை நோக்கி வரும். அதையொட்டி, 15 மீட்டர் ஆழத்தில் நேராகக் கிடந்த கோடு, சில நிமிடங்களில் தூளித்துணிபோலத் தொய்ந்து 25 மீட்டருக்கு இறங்கி மறுபடி ஏறும். அதன்பின் சற்றுச் சிறிய அடுத்த தொய்வு வரும்.