மகளைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்க்கலாமா? ஜெபத்தைப் பார்க்கும் முன் கல்லாவைப் பாருங்கள்

கேள்வி (நேப்பர்வில், இல்லினாய்):

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. கணவருக்கு எச்-1பி வேலை விசா, நானும் மகளும் அவரைச் சார்ந்து வந்த எச்-4 விசா. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. நாங்கள் போகும் சபையின் பாஸ்டர் ஒரு சின்ன கிறிஸ்தவக் கல்லூரியைச் சொல்கிறார், அவரும் அங்கே படித்தவர்தான். "ஆராதனை உண்டு, ஆஸ்டல் கட்டுப்பாடு உண்டு, பிள்ளை கெட்டுப்போகாது" என்கிறார். வருடக் கட்டணம் 34,000 டாலர், அதில் 18,000 ஸ்காலர்ஷிப் என்று கடிதமும் வந்துவிட்டது. என் அம்மா சாராள் தக்கர் கல்லூரியில் படித்தவர். "மிஷன் காலேஜ்னா யோசிக்கவே வேண்டாம்" என்று போனில் சொல்கிறார். மே ஒன்றாம் தேதிக்குள் முன்பணம் கட்ட வேண்டுமாம். கட்டலாமா?

பதில் (நியூஜெர்சி, வந்து 19 வருடம்):

சிஸ்டர், முன்பணத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. முதலில் அந்தக் கல்லூரியின் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் அம்மா சொல்வது அவர் ஊருக்குச் சரி. சாராள் தக்கர், தாம்பரம் எம்.சி.சி., மதுரை அமெரிக்கன் கல்லூரி என்று நமக்குப் பழகிய மிஷன் கல்லூரிகள் வேறு மாதிரி. எல்லா மதத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். அரசு உதவி பெறும் பிரிவு என்றால் ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்திடமிருந்து வந்துவிடும். அதனால் அந்தக் கல்லூரிகள் லேசில் சாகாது. நிர்வாகச் சண்டை கோர்ட்டுக்குப் போகும், ஆனாலும் மணி அடித்தால் வகுப்பு நடக்கும்.

இங்கே பழமைவாதக் கிறிஸ்தவக் கல்லூரி என்பது அதுவல்ல. பேராசிரியர்கள் விசுவாச அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். பல இடங்களில் மாணவர்களும் நடத்தை உடன்படிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். குடி கூடாது, திருமணத்துக்கு வெளியே உறவு கூடாது, வாரத்தில் இத்தனை நாள் சேப்பல் ஆராதனை என்று விதி இருக்கும். உங்கள் பக்கத்து ஊரில்தான் வீட்டன் கல்லூரி இருக்கிறது. 1860-இல் தொடங்கியது, பிரசங்கி பில்லி கிரஹாம் படித்த இடம். அந்த வளாகத்தில் அனுமதியோடு முதல் நடன நிகழ்ச்சி நடந்ததே 2003-இல்தான். கட்டுப்பாடு நமக்குப் புதிதில்லை, நம் ஊர் ஆஸ்டல் வார்டனைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் சாதாரணம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: இந்தக் கல்லூரிகளில் பெரும்பாலானவை மாணவர் கட்டும் பணத்தில்தான் மூச்சு விடுகின்றன. ஒரு வருடம் ஐம்பது பிள்ளைகள் குறைந்தால் சம்பளம் போடவே திணறிப் போவார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் அக்கா மகன் இப்படி ஒரு கல்லூரியில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். பெயர் வேண்டாம். ஒரு புதன்கிழமை ராத்திரி பதினோரு மணிக்குப் போன்: "மாமா, காலேஜை மூடுறாங்களாம்." மறுநாள் காலை சேப்பலில் தலைவர் ஜெபம் செய்து, கண்ணீர் விட்டு, அந்தப் பருவத்தோடு முடிவு என்று அறிவித்திருக்கிறார். உண்மையில் அறிகுறிகள் ஒரு வருடமாகவே இருந்தன. சனி ஞாயிறில் மெஸ் இல்லை என்றார்கள். வேதியியல் பேராசிரியர் போனார், அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. நூலகம் ஏழு மணிக்கே பூட்டியது. பையன் இதையெல்லாம் எங்களிடம் வேடிக்கையாகத்தான் சொன்னான், நாங்களும் சிரித்தோம்.

வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒரு அம்மா. அவருக்கும் வேலை போகப்போகிறது. அவர் கணினியில் பையனின் பதிவை வேறு கல்லூரிக்கு மாற்றிவிட்டால்தான் ஐ-20 (மாணவர் விசாவுக்குக் கல்லூரி கொடுக்கும் சான்று) உயிரோடு இருக்கும், இல்லையென்றால் விசா நிலையே போய்விடும். அந்தப் புண்ணியவதி கடைசி நாள் வரை உட்கார்ந்து ஒவ்வொருவருக்காகச் செய்துகொடுத்தார். அப்புறம் கிரெடிட் கதை, அதாவது முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் அலகுகள். 58 கிரெடிட் படித்திருந்தான், புதிய கல்லூரி 37-ஐத்தான் ஏற்றது. பைபிள் பாடங்கள் எல்லாம் போயிற்று. அவனுடைய சின்ன ஃப்ரிட்ஜ் இன்னும் என் கராஜில் கிடக்கிறது.

இது அவனுக்கு மட்டும் வந்த கெட்ட காலம் என்று நினைக்க வேண்டாம். டென்னசி டெம்பிள் 2015-இல் மூடியது. அதே வருடம் ஃப்ளோரிடாவில் கிளியர்வாட்டர் கிறிஸ்டியன். 2019 கடைசியில் சின்சினாட்டி கிறிஸ்டியன். அலபாமாவில் பாப்டிஸ்டுகள் நடத்திய ஜட்சன் பெண்கள் கல்லூரி 1838-இல் தொடங்கியது, 2021-இல் முடிந்தது. 2023-இல் நியூயார்க் நகரத்திலேயே இரண்டு. ஒன்று அலையன்ஸ் பல்கலைக்கழகம். 1882-இல் மிஷனரிகளைப் பயிற்றுவிக்க ஏ.பி. சிம்சன் தொடங்கியது, நெடுங்காலம் நயாக் கல்லூரி என்ற பெயரில் இருந்தது. மலைமேல் இருந்த பழைய வளாகத்தை விற்றுவிட்டு மன்ஹாட்டனுக்கு வந்தார்கள், பெயரையும் மாற்றினார்கள், கடைசியில் அங்கீகாரம் போய் மூடினார்கள்.

இன்னொன்று கிங்ஸ் கல்லூரி. 1938-இல் நியூஜெர்சியில் பிறந்து, 1994-இல் ஒருமுறை மூடி, 1999-இல் எம்பயர் ஸ்டேட் பில்டிங்குக்குள் மறுபிறவி எடுத்த கல்லூரி. கட்டடத்தைச் சொன்னாலே பிள்ளைகளுக்குக் கண் விரியும். ஆனால் எல்லாம் வாடகை இடம். 2023 ஜூலையில் அடுத்த பருவத்துக்கு வகுப்பே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஜூலையில் சொன்னால் பிள்ளை எங்கே போகும், நீங்களே யோசியுங்கள்.

ஏன் இப்படி என்றால் முதல் காரணம் பிள்ளைகளே குறைவு. அமெரிக்காவில் 2007-இல் 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன. மறு வருடத்திலிருந்து பொருளாதாரம் சரிந்தது, பிறப்பும் சரிந்தது, 2023-இல் 36 லட்சம்தான். 2007-இல் பிறந்தவர்கள் 2025-இல் பதினெட்டைத் தொட்டார்கள். இனி வருடத்துக்கு வருடம் கூட்டம் மெலியும். இரண்டாவது, சபைகளோடு இருந்த கட்டு தளர்ந்துவிட்டது. முன்பெல்லாம் பாப்டிஸ்ட் வீட்டுப் பிள்ளை பாப்டிஸ்ட் கல்லூரிக்குப் போவது எழுதாத சட்டம், சபையிலிருந்து காணிக்கையும் போகும். இப்போது அதே வீட்டுப் பிள்ளை மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே வளாகத்து ஜெபக் குழுவில் சேர்ந்துகொள்கிறது. செலவும் குறைவு.

அப்புறம் அந்த 18,000 டாலர் கடிதம். கோபித்துக்கொள்ளாதீர்கள், அது நம் துணிக்கடை ஆடித் தள்ளுபடி மாதிரிதான். இங்கே தனியார் கல்லூரிகளில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்குப் அறிவித்த கட்டணத்தில் சராசரியாகப் பாதிக்கு மேல் தள்ளுபடி போகிறது. முழு விலை கொடுப்பவர்கள் குறைவு. மகளுக்குத் தகுதி இல்லை என்று சொல்ல வரவில்லை, அந்தக் கடிதத்தை வைத்துக் கல்லூரி பணக்காரக் கல்லூரி என்று கணக்குப் போடக்கூடாது என்கிறேன்.

எல்லாம் மூழ்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பிழைத்தவர்கள் பிழைத்த விதம்தான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. வர்ஜீனியாவில் லிபர்ட்டி: 1971-இல் டிவி பிரசங்கி ஜெர்ரி ஃபால்வெல் தொடங்கியது. ஆன்லைனில் இறங்கி, இன்று ஒரு லட்சத்துக்கும் மேல் மாணவர்கள், அதில் பெரும்பாலானோர் லிஞ்ச்பர்க் ஊரைக் கண்ணால் பார்த்திராதவர்கள். பணம் உண்டு, ஆனால் வளாகக் குற்றங்களைச் சரியாகப் பதிவு செய்யவில்லை என்று 2024-இல் மத்தியக் கல்வித்துறை ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலர் அபராதம் போட்டது. ஆஸ்டல் பாதுகாப்பு என்று பாஸ்டர் சொன்னாரே, அதனால் சொல்கிறேன். எந்தக் கல்லூரியானாலும் வருடாந்தரப் பாதுகாப்பு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பென்சில்வேனியாவின் குரோவ் சிட்டி நேர் எதிர் வழி. மத்திய அரசின் பணமே வேண்டாம், அதன் விதிகளும் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1984-இல் தீர்ப்பு வந்தது, பிறகு அரசு மாணவர் உதவியையே கைவிட்டார்கள். நன்கொடையாளர்கள் அதற்காகவே கொடுக்கிறார்கள். மிச்சிகனின் ஹில்ஸ்டேலும் இந்தப் பாதைதான்.

தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் இன்னொரு கதை. வேறு இனத்தவரோடு மாணவர்கள் காதலிக்கக் கூடாது என்று விதி வைத்திருந்ததால் 1983-இல் உச்ச நீதிமன்றத்தில் வரிவிலக்கை இழந்தது. அப்போதும் விதியை விடவில்லை, 2000-இல்தான் விட்டது. 2008-இல் மன்னிப்புக் கேட்டது. வட்டார அங்கீகாரம் 2017-இல்தான் வாங்கியது. இன்னும் நடக்கிறது. நம் நிறத்துப் பிள்ளையைச் சேர்க்கப்போகும் பெற்றோர் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஆக, மிகப் பெரிதானவையும் தங்கள் கொள்கையில் இரும்பு மாதிரி நின்றவையும் தப்பிக்கின்றன. வீட்டன் போல வைப்பு நிதியும் பெயரும் உள்ளவையும் தப்பிக்கும். நடுவில் ஐந்நூறு, எண்ணூறு பிள்ளைகளோடு எல்லாப் பாடமும் நடத்தப் பார்க்கும் கல்லூரிகள்தான் ஆட்டம் காண்கின்றன. உங்கள் பாஸ்டர் சொல்வது எந்த வகை என்று பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? பெரும்பாலான லாப நோக்கில்லாக் கல்லூரிகள் வருமான வரித்துறைக்குக் கொடுக்கும் 990 என்ற படிவம் பொதுவெளியில் கிடைக்கும். புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் தளத்தில் பெயரைப் போட்டால் வரும். மூன்று வருடத்தை எடுத்து வரவையும் செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று வருடமும் துண்டு விழுந்திருந்தால் எச்சரிக்கை. மத்தியக் கல்வித்துறை ஒவ்வொரு தனியார் கல்லூரிக்கும் நிதிநிலை மதிப்பெண் போடுகிறது, மைனஸ் ஒன்றிலிருந்து மூன்று வரை. 1.5-க்குக் கீழே என்றால் சந்தேகம், ஒன்றுக்குக் கீழே என்றால் ஃபெயில். குரோவ் சிட்டி மாதிரி அரசுப் பணம் வாங்காதவை இதில் இருக்காது. அங்கீகாரம் கொடுத்த அமைப்பின் தளத்திலும் பாருங்கள், கல்லூரிப் பெயருக்குப் பக்கத்தில் எச்சரிக்கை, தகுதிகாண் காலம் என்று ஏதாவது இருக்கிறதா என்று. உங்கள் பக்கம் பெரும்பாலும் ஹயர் லேர்னிங் கமிஷன்தான். பைபிள் கல்லூரிகளுக்கென்று இருக்கும் அமைப்பின் அங்கீகாரம் மட்டும் இருந்தால், மாநிலப் பல்கலைக்கழகம் கிரெடிட்டை ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி (நேப்பர்வில்):

அண்ணா, ரொம்ப நன்றி. 990 பார்த்தேன். மூன்று வருடத்தில் இரண்டு வருடம் துண்டு. தலை சுற்றுகிறது. எங்கள் எச்-4-க்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

பதில் (நியூஜெர்சி):

நிறைய உண்டு, சிஸ்டர். மகளுக்கு இருபத்தொரு வயது ஆனால் எச்-4 முடிந்துவிடும். கிரீன் கார்டு அதற்குள் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மூன்றாம் வருடத்தில் எஃப்-1-க்கு மாற வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் கல்லூரி மூடினால் என் அக்கா மகன் ஓடிய ஓட்டத்தை அவளும் ஓட வேண்டும். கல்லூரி மூடினால் அரசுக் கடன் வாங்கிய அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கடனைத் தள்ளுபடி செய்ய வழி இருக்கிறது. எச்-4 பிள்ளைக்கு அரசுக் கடனே கிடையாது. நாம் கட்டுவது நம் சேமிப்பு, போனால் போனதுதான்.

பல மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களில் எச்-4 பிள்ளைகளுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கான குறைந்த கட்டணம் உண்டு. இல்லினாய் விதியைப் பல்கலைக்கழகத்தில் நேரில் கேளுங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே காலேஜ் ஆஃப் டூபேஜ் என்ற சமுதாயக் கல்லூரி இருக்கிறது. வீட்டிலிருந்தே இரண்டு வருடம் படித்துவிட்டு நாலு வருடக் கல்லூரிக்கு மாறலாம், ஞாயிற்றுக்கிழமை உங்கள் சபைக்கே வருவாள்.

கேள்வி (தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்திலிருந்து):

ஸ்தோத்திரம். நான் எம்.டிவ். (இறையியல் முதுகலை) படிக்க சிகாகோ பக்கம் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தேன். டிரினிட்டி செமினரி கனடாவுக்குப் போகிறது என்கிறார்களே, உண்மையா?

பதில் (ஸ்கார்பரோ, கனடா):

உண்மைதான் தம்பி. சிகாகோ பக்கம் டீர்ஃபீல்டில் இருந்த டிரினிட்டி 2023-லேயே இளங்கலை விடுதி வகுப்புகளை நிறுத்தி ஆன்லைனுக்குப் போனது. 2025 ஏப்ரலில், செமினரி பிரிட்டிஷ் கொலம்பியாவின் லாங்லியில் உள்ள டிரினிட்டி வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தோடு சேரும் என்று அறிவித்தார்கள். சேருவது 2026-இல். அப்படியென்றால் உங்களுக்கு எஃப்-1 இல்லை, கனடா மாணவர் அனுமதிதான் வேண்டும். பணக்கணக்கு, வேலை விதி எல்லாமே வேறு. பழைய பிரசுரத்தைப் பார்த்து சிகாகோ வாடகையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

டிரினிட்டி வெஸ்டர்னும் அடிபட்டு நிமிர்ந்த இடம்தான். சட்டக் கல்லூரி தொடங்கப் பார்த்தார்கள். மாணவர் உடன்படிக்கையைக் காரணம் காட்டி வழக்கறிஞர் சங்கங்கள் ஏற்க மறுத்தன, 2018-இல் கனடா உச்ச நீதிமன்றமும் சங்கங்கள் பக்கமே நின்றது. அதே வருடம் மாணவர்களுக்கு அந்தக் கையெழுத்து கட்டாயமில்லை என்று மாற்றினார்கள்.

நான் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்தவன். 1823-இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய செமினரியின் வழியில் வந்த பள்ளிக்கூடம். அந்தச் செமினரியும் 1855-இல் ஒருமுறை மூடப்பட்டதுதான்.

பதில் (நியூஜெர்சி):

நேப்பர்வில் சிஸ்டருக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எல்லாம் பார்த்த பிறகும் அங்கேயே சேர்ப்பதென்றால், ஒவ்வொரு பருவம் முடிந்ததும் முத்திரையிட்ட டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) ஒன்று வாங்கி வீட்டில் வையுங்கள், பாடத்திட்ட நகலும் கூடவே. மூடிய பிறகு அதற்கு எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு நாலு மாதம் ஆனது. வளாகத்தைப் பார்க்கப் போனால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்றைக்கு எல்லாம் அழகாக இருக்கும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போய் மெஸ்ஸில் சாப்பிட்டுப் பாருங்கள்.