ஐசோபார்: ஒரே பெயர், இரண்டு பாடங்களில் இரண்டு பொருள் ஏன்?

வளர்பிறை கேட்டது:

வணக்கம். புவியியலில் ஐசோபார் என்பது காற்றழுத்தம் சமமாக உள்ள இடங்களை இணைக்கும் கோடு. வேதியியலிலோ, நிறை எண் (புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை) ஒன்றாகவும் அணு எண் (புரோட்டான்களின் எண்ணிக்கை) வேறாகவும் உள்ள அணுக்களுக்கு அதே பெயர். ‘ஐசோ’ என்றால் சமம் என்பது தெரியும். ஆனால் கோட்டுக்கும் அணுவுக்கும் இந்தப் பெயர் எப்படிப் பொதுவாயிற்று? ஐசோடோப்பு, ஐசோடோன், ஐசோமர் ஆகியவற்றிலும் எது சமம் என்பது அடிக்கடி குழம்பிவிடுகிறது. மனப்பாடம் செய்யாமல் சொல்லைக் கொண்டே பொருளை அறிய வழியுண்டா?

அணுக்கரு எழுதியது:

வழியுண்டு, ஆனால் ‘ஐசோ’வை விட்டுவிட்டு அதன் பின்னால் நிற்கும் பகுதியைப் பார்க்க வேண்டும். முன்னொட்டு ஏதோ ஒன்று சமம் என்று மட்டுமே சொல்கிறது. எது சமம் என்பதைச் சொல்வது பின்பகுதிதான்.

ஐசோபாரில் உள்ள ‘பாரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு எடை என்று பொருள். ஓரிடத்தின் காற்றழுத்தம் என்பது அவ்விடத்தின் மேல் நிற்கும் காற்றின் எடையால் உண்டாவது. அதனால்தான் அதை அளக்கும் கருவிக்குப் பாரோமீட்டர் என்றும், அழுத்தம் சமமான கோட்டுக்கு ஐசோபார் என்றும் பெயர் வந்தது. அணுக்களில் அதே ‘எடை’ நிறை எண்ணைக் குறிக்கிறது. ஆர்கான், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றின் அணு எண்கள் முறையே 18, 19, 20. ஆயினும் மூன்றிலும் நிறை எண் 40 கொண்ட அணுக்கள் உள்ளன என்பதால் அவை ஐசோபார்கள். ஆகவே இரு துறைகளும் ஒரே வேரிலிருந்து தத்தம் தேவைக்கேற்பச் சொல்லை எடுத்துக்கொண்டன; பொருளில் முரண் ஏதுமில்லை.

ஐசோடோப்பில் உள்ள ‘டோபோஸ்’ இடத்தைக் குறிக்கும். குளோரின்-35, குளோரின்-37 இரண்டிலும் 17 புரோட்டான்களே இருப்பதால், நிறை வேறுபட்டாலும் தனிம அட்டவணையில் அவற்றுக்கு ஒரே கட்டம்தான். 1913இல் ஃபிரடெரிக் சாடி இச்சொல்லை அறிவியலுக்குக் கொண்டுவந்தார். அவருக்கு அதை எடுத்துக்கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற மருத்துவர். பாடநூல்கள் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம் என்பது என் கருத்து.

சொல்வேர் எழுதியது:

மேலே உள்ள விளக்கம் சரி, ஆனால் ஐசோடோனில் அந்த வழி உதவாது. அங்கே ‘டோன்’ என்பதற்குக் கிரேக்க வேர் தேடினால், இழுவிசையைக் குறிக்கும் ‘டோனோஸ்’தான் கிடைக்கும், அது உடலியலில் வரும் ஐசோடானிக் கரைசலுக்குப் பொருந்துமே தவிர அணுவுக்குப் பொருந்தாது. உண்மையில் ஐசோடோப்பு என்பதில் புரோட்டானை நினைவூட்டும் ‘ப’ ஒலியை நீக்கி, நியூட்ரானை நினைவூட்டும் ‘ன’ ஒலியை வைத்து உருவாக்கிய சொல் அது. கார்பன்-14, நைட்ரஜன்-15, ஆக்சிஜன்-16 ஆகிய மூன்றிலும் 8 நியூட்ரான்கள் உள்ளன. எனவே அவை ஐசோடோன்கள்.

வளர்பிறை எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஐசோமர் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஐசோபியூட்டேன் போன்ற பெயர்களில் வரும் ‘ஐசோ’வும் சமத்தைத்தான் குறிக்கிறதா?

அணுக்கரு எழுதியது:

‘மெரோஸ்’ என்றால் பகுதி. ஒரே வகை அணுக்கள் ஒரே எண்ணிக்கையில் இருந்தும், அவை இணைந்த விதத்தால் வேறுபடும் சேர்மங்களே ஐசோமர்கள். வெள்ளியின் சயனேட்டும் ஃபல்மினேட்டும் ஒரே இயைபு உடையவை என்று 1820களில் வோலரின் ஆய்வும் லீபிக்கின் ஆய்வும் காட்டியபோது வேதியியலார் திகைத்தனர், ஏனெனில் இரண்டாவது மட்டும் எளிதில் வெடிக்கும். இத்தகைய சேர்மங்களுக்கு 1830இல் பெர்சிலியஸ் இட்ட பெயரே ஐசோமர்.

ஐசோபியூட்டேனில் எது சமம் என்று தேட வேண்டாம். அங்கே ‘ஐசோ’ என்பது ஐசோமர் என்பதன் சுருக்கமாகவே நிற்கிறது: பியூட்டேனைப் போலவே 4 கார்பனும் 10 ஹைட்ரஜனும் கொண்டு, நேர்ச் சங்கிலியாக இல்லாமல் கிளைத்திருக்கும் மூலக்கூறு அது.